வயிற்றுக்குள் ஒரு சுயராஜ்யம்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கிராமங்களில் பொழுது விடிந்ததற்கு அடையாளம் பட்டாசுத் தொழிற்சாலை வேன்களின் ஊதல்தான். ஆறு, ஆறரை மணிக்கெல்லாம் பெண்கள் கையில் தூக்குச்சட்டியுடன் சாலையோரத்தில் வந்து நின்றுவிடுவார்கள். அந்தத் தூக்குச்சட்டியில் என்ன இருக்கும் என்பதை இந்தப் பக்கத்து நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் இரவு தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு. கடித்துக்கொள்ள நாலைந்து சின்ன வெங்காயம். வீட்டில் இருந்தால் இரண்டு மோர் மிளகாய். தாயின் சட்டி நிரம்பும்போதே பிள்ளையின் சிறு சட்டியும் நிரம்பிவிடும். தாய் வேன் ஏறிய பிறகு, பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்து சேரும்.

நாம் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் அப்படி வந்துகொண்டிருந்தவர்களில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. 2022-ஆம் ஆண்டில் சர்க்கார் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஆரம்ப வகுப்புக் குழந்தைகளுக்காக ஏற்பட்டது. இவளுக்கு அது கிடையாது. ஆகையால் முதல் மணி அடிப்பதற்குமுன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சட்டியைத் திறந்து, ஐந்து நிமிஷத்தில் குடித்துவிட்டு, குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு வகுப்புக்கு வந்துவிடுவாள். படிப்பில் சுமார், ஆனால் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நாம் அந்த வகுப்புக்குக் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்தினோம். மிகுந்த உற்சாகத்துடனேயே நடத்தினோம். கரும்பலகையில் பந்து வடிவம், கோல் வடிவம், சுருள் வடிவம் என்று மூன்று ஜாதிக் கிருமிகளை வரைந்தோம். காலரா, டைபாயிடு, காசம் என்று அவற்றால் வரும் வியாதிகளை வரிசைப்படுத்தினோம். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "கிருமி என்றால் சத்துரு. பழையது, புளித்தது, நேற்று வைத்தது எல்லாவற்றிலும் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. நாகரிகம் உள்ளவர்கள் அதைத் தொடமாட்டார்கள்" என்று ஒரு போடு போட்டோம். வகுப்பில் ஒரே சிரிப்பு. நாலைந்து பிள்ளைகள் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். நாமும் பார்த்தோம். பார்த்துச் சிரித்தோம் என்பதையும் நேயர்களிடம் மறைப்பதற்கில்லை.

மறுநாள் முதல் வேப்பமரத்தடி காலியாக இருந்தது. நாம் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது வாரம், காலைப் பிரார்த்தனையின்போது அந்தப் பெண் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, தாயாருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுநாள் வந்தார். சண்டைபோட வந்தவராகத் தோன்றவில்லை. சந்தேகம் கேட்க வந்தவர் போலவே நின்றார்.

"சார், பழைய சோத்துல விஷக்கிருமி இருக்குன்னு நீங்க சொன்னீகளாம். எம்புள்ள தெனமும் சோத்த வேலிக்கு அங்கிட்டுக் கொட்டிட்டு வெறும் வயித்தோட உக்காந்திருக்கா. எங்க ஆத்தா, எங்க அப்பத்தா காலத்துல இருந்து நாங்க இதத்தான் குடிக்கோம். அது விஷம்னா நாங்க எப்படி சார் இருக்கோம்? நீங்க படிச்சவுக, தெரிஞ்சு சொல்லுங்க."

நம்மிடம் சர்வகலாசாலைப் பட்டம் இருந்தது. இருபது வருஷ உபாத்தியாய அநுபவம் இருந்தது. அந்த அம்மாளுக்குச் சொல்ல ஒரு பதில் மட்டும் இல்லை. "பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள், அம்மா" என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டோம்.

*

பதில், நாலு மாதம் கழித்து, நம்முடைய வயிற்றிலிருந்தே வந்தது.

கார்த்திகை மாதம் நமக்குத் தொண்டை வலியும் ஜுரமும் கண்டன. டாக்டரிடம் போனால் அரை நாள் வீணாகும் என்று, மருந்துக் கடையில் நாமே ஒரு கிருமிநாசினி மாத்திரையின் பெயரைச் சொல்லி வாங்கினோம். மூன்று நாள் விழுங்கினோம். சற்றுத் தேவலை என்றதும் நிறுத்தினோம். மறுவாரம் ஜுரம் திரும்பிற்று. முன்னதைவிடச் சக்தி வாய்ந்தது என்று வேறொன்றை வாங்கி விழுங்கினோம். ஜுரம் போயிற்று, வயிறும் அத்துடன் போயிற்று. மூன்று வார காலம் எதைத் தின்றாலும் தங்கவில்லை. வகுப்பில் பாதிப் பாடத்தில் சாக்குக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடும் உபாத்தியாயரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்காமல் இருந்தது அவர்களுடைய பெருந்தன்மை.

கடைசியில் டாக்டரிடமே போனோம். அவர் கரிசல்காட்டுச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மாத்திரைகளின் பெயர்களைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் நம்மையே பார்த்தார். பிறகு சொன்னார்: "தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருகின்றன. அதற்கு இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. ஆனால் வயிற்றில் இருக்கிற பாக்டீரியாக்களை அது சும்மா விடாது. களை எடுக்கிறேன் என்று இறங்கி, களை இல்லாத காட்டில் பயிரைக் கருக்கிவிட்டீர்கள், சார். இனி அது தானாக முளைத்து வரவேண்டும். கொஞ்ச நாள் பொறுக்கத்தான் வேண்டும்."

பயிர் என்ற அந்த வார்த்தை நம்மைத் திடுக்கிடச் செய்தது. நாம் சத்துரு என்று கரும்பலகையில் எழுதியதை இவர் பயிர் என்கிறாரே!

வீட்டிற்கு வந்ததும் நம் தாயார் குழைந்த கஞ்சியில் மோரை ஊற்றிக் கொடுத்து, "எய்யா, வயிறுங்கிறது உழவு காடு மாதிரி, அத அடிக்கடி மருந்து போட்டுக் கெடுக்கக் கூடாது" என்றார். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்தவர் அல்லர். டாக்டரும் தாயாரும் ஒரே பாஷையில் பேசுகிறார்கள் என்றால் நாம் படித்ததில்தான் ஏதோ குறை இருக்கவேண்டும் என்று தோன்றிற்று. உடம்பு தேறிவந்த அந்த நாட்களில் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். படித்ததன் சாரத்தை நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் ஜனத்தொகை. நம் உடம்பில் வாழும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய 38 லட்சம் கோடி என்று இஸ்ரேல் தேசத்து விஞ்ஞானிகள் 2016-ஆம் ஆண்டில் மதிப்பிட்டார்கள். நம் சொந்த உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி. ஒன்றுக்குப் பத்து என்று அதற்கு முன் சொல்லிவந்த கணக்கு மிகை. ஏறக்குறைய சரிக்குச் சரி என்பதே இப்போதைய கணக்கு. இவ்வளவு பேரையும் சேர்த்து நிறுத்தாலும் சுமார் 200 கிராம்தான் இருப்பார்கள். விருதுநகர்க் கடைவீதியில் ஒரு சிறு பொட்டலம் பருப்பின் எடை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் குடியிருப்பது பெருங்குடலில்.

அங்கே அவர்கள் என்ன செய்கிறார்கள்? நாம் உண்ணும் ஆகாரத்தில் மாவு, கொழுப்பு, புரதம் ஆகியவை பெரும்பாலும் சிறுகுடலிலேயே ஜீரணமாகி ரத்தத்தில் சேர்ந்துவிடுகின்றன. தவிடு, தோல், கீரை, பருப்பு ஆகியவற்றில் உள்ள நார்ச்சத்தை ஜீரணிக்கும் வித்தை நம் உடம்புக்குத் தெரியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இந்தக் குடிகள் அதைப் புளிக்கவைத்து, சில சிறு அமிலங்களாக மாற்றுகிறார்கள். அவற்றுள் பியூட்டிரிக் அமிலம் என்பது பெருங்குடலின் உட்சுவருக்கு முக்கியமான உணவு. அந்தச் சுவர் தன் ஆகாரத்தின் பெரும்பகுதியை ரத்தத்திலிருந்து பெறுவதில்லை. இந்தக் குடிகள் சமைத்துத் தருவதிலிருந்தே பெறுகிறது. இன்னும், கே வைட்டமினையும் பி வைட்டமின்களில் சிலவற்றையும் உற்பத்தி செய்கிறார்கள். வெளியிலிருந்து வரும் துஷ்டக் கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் காலியிடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். நம் உடம்பின் காவற்படைக்கு யார் நண்பர், யார் விரோதி என்று குழந்தைப் பருவத்திலிருந்தே பழக்கித் தருகிறார்கள்.

நம் உடம்பு ஏகாதிபத்தியம் என்றும், மூளை சக்கரவர்த்தி என்றும், மற்றதெல்லாம் அடிமை என்றும் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உள்ளே நடப்பதோ கிராமப் பஞ்சாயத்து. ஆயிரம் ஜாதிக் குடிகள் அவரவர் தொழிலைச் செய்து, ஒருவர் கழித்ததை மற்றொருவர் உண்டு, யாருடைய உத்தரவும் இன்றி ராஜ்ய பாரத்தை நடத்துகிறார்கள். நாம் செய்யவேண்டியதெல்லாம் அவர்களுக்குரிய தானியத்தை அனுப்புவதும், அநாவசியமாகப் படையெடுக்காமல் இருப்பதும்தான்.

இயற்கையே இதற்கு முதற் சாட்சி கூறுகிறது. தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரைகள் நிறைய இருக்கின்றன. குழந்தையால் அவற்றை ஜீரணிக்க முடியாது. பிறகு அவை ஏன் பாலில் இருக்கின்றன? குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோ என்னும் பாக்டீரியாக்களுக்காக! தாய் ஒரு குழந்தைக்குப் பால் கொடுப்பதாக எண்ணுகிறாள். உண்மையில் கூடவே கோடானுகோடி விருந்தாளிகளுக்கும் பந்தி வைக்கிறாள்.

*

இந்தக் குடிகளை முதலில் கண்டவர்கள் அவர்களை நல்லவர்கள் என்று கொள்ளவில்லை. 1885-ல் ஜெர்மானிய வைத்தியர் எஷரிக் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு எழுதினார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. அந்நாளைய ருஷ்யப் பேரரசில் பிறந்து பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்த மெச்னிகாஃப், குடலில் உள்ள கிருமிகள் மெல்ல மெல்ல உடம்பை விஷமாக்கி மூப்பைக் கொண்டுவருகின்றன என்று நம்பினார். பல்கேரிய நாட்டுக் குடியானவர்கள் தயிர் உண்டு நெடுங்காலம் வாழ்வதாகக் கேள்விப்பட்டு, தாமும் புளித்த பாலை அருந்தி வந்தார். 1908-ல் நோபல் பரிசு பெற்றவர் மோரின் மகிமையைச் சொன்ன பிறகே உலகம் காது கொடுத்தது. நம் தென்பாண்டி நாட்டுக் கிழவிகள் சொன்னபோது யாரும் கேட்கவில்லை, அது இயல்புதானே!

நம் நாட்டு விஷயத்திற்கு வருவோம். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிஸன் என்னும் வைத்தியர், சத்துக் குறைந்த ஆகாரத்தைக் குரங்குகளுக்குக் கொடுத்து, முதலில் கெடுவது அவற்றின் குடலே என்று கண்டார். 1921-ல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அங்கே 1918-ல் தொடங்கிய சிறு ஆராய்ச்சிக் கூடமே 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட், மத்தன், பேக்கர் என்ற மூவர் 1980-ல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஓர் ஆச்சரியமான செய்தியை வெளியிட்டார்கள். பி-12 வைட்டமின் தாவரங்களில் இல்லை. பால், முட்டை, மாமிசம் ஆகியவற்றிலேயே உண்டு. ஆனால் தென்னிந்தியரின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் அந்த வைட்டமினை உற்பத்தி செய்யக்கூடியவை என்று அவர்கள் காட்டினார்கள். இதைக் கேட்டுச் சைவ நேயர்கள் பாலையும் தயிரையும் நிறுத்திவிட வேண்டாம்; அந்த உற்பத்தி மட்டும் உடம்புக்குப் போதும் என்று யாரும் சொல்லவில்லை.

அதே வேலூரில் நடந்த மற்றொரு பரிசோதனையை நினைக்கும்போதெல்லாம் நமக்குப் பெருமையாக இருக்கிறது. காலரா கண்டவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர் காக்கிறது என்பது தெரிந்ததே. 1971-ல் வங்காளத்து அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் அதைக் கொண்டு எத்தனையோ உயிர்களை மீட்டார். ஆனால் உப்புநீர் பேதியை உடனே நிறுத்துவதில்லை. வேலூர் டாக்டர் ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும், அந்த நீரில் சிறுகுடலில் ஜீரணமாகாத ஒருவகைச் சோள மாவைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். மாவு பெருங்குடலுக்குப் போயிற்று. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்கின. அந்த அமிலம் உப்பையும் தண்ணீரையும் குடல் உறிஞ்சிக்கொள்ளும்படி செய்தது. 48 நோயாளிகளிடம் நடந்த இந்தப் பரிசோதனையில், மாவு கலந்த நீர் குடித்தவர்களுக்குப் பேதி குறைந்தது, சீக்கிரமாகவும் நின்றது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தலைசிறந்த மருத்துவச் சஞ்சிகை அதை வெளியிட்டது. காலரா என்னும் கிருமிக்கு எதிராக மற்றக் கிருமிகளையே துணைப்படையாக அழைத்தார்கள்! கிருமி என்றால் சத்துரு என்று கரும்பலகையில் எழுதிய கை அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது கொஞ்சம் கூசிற்று.

2017-ல் ஒடிசாவின் கிராமங்களில் 4,500-க்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளை வைத்து ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. பிறந்த சில நாட்களில் குழந்தைகளுக்கு ஒரு நல்ல பாக்டீரியாவையும், அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரையையும் ஒரு வாரம் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்ட குழந்தைகளிடையே ரத்தத்தில் நச்சு பரவும் வியாதியும் மரணமும் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தன. டாக்கா நகரத்துக் குடிசைப் பகுதியில், உடல் மெலிந்த குழந்தைகளின் குடல் பாக்டீரியாக்கள் வயதுக்கேற்ற முதிர்ச்சி அடையவில்லை என்று கண்ட விஞ்ஞானிகள், அந்த பாக்டீரியாக்களை உத்தேசித்தே ஓர் ஆகாரம் தயாரித்தார்கள். அது என்ன தெரியுமா? கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய்! வழக்கமான சத்துணவைவிட அது குழந்தைகளின் எடையை நன்றாகக் கூட்டியது என்று 2021-ல் எழுதினார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் பக்கத்து ஊரில் பிறந்த நமக்கு இதில் சந்தோஷம் வராமல் இருக்குமா?

*

இனி நம் ஜில்லாவைப் பார்ப்போம்.

விருதுநகர் நெல் விளையும் சீமை அன்று. மழையை நம்பிய கரிசல் பூமியில் கம்பு, சோளம், குதிரைவாலி இவைதாம் நம் முன்னோரின் ஆகாரம். கம்பை இடித்து, கரைத்து, ஓர் இரவு புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினார்கள். அரிசிச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கண்டது. இப்போது நிலைமை தலைகீழ். தவிடு நீக்கி மல்லிகைப்பூப் போல் தீட்டிய அரிசியை மூன்று வேளையும் தின்கிறோம். இராப் போதில் நம் ஊர் எண்ணெய்ப் பரோட்டா. பிரயாணம் போனால் சாத்தூர்ச் சேவு. பண்டிகை வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. இவற்றின் ருசியைக் குறை சொல்ல நமக்கு நா எழாது. ஆனால் மைதாவிலும் சர்க்கரையிலும் பெருங்குடலுக்குப் போய்ச் சேருவதற்கு என்ன மிஞ்சுகிறது? மேல் மாடியிலேயே விருந்து முடிந்துவிடுகிறது. கீழ் வீட்டுக் குடிகள் பட்டினி. நார் கிடைக்காதபோது அவர்களில் சிலர் குடற்சுவரைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான பூச்சையே அரிக்கத் தொடங்குகிறார்கள் என்று மிருகங்களை வைத்துச் செய்த பரிசோதனைகள் காட்டுகின்றன.

இதை இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு பெரியவர் வேறு வழியில் சொன்னார். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனிலும் அமெரிக்காவிலும் படித்துவிட்டு, காந்தியடிகளிடம் வந்து சேர்ந்த ஜே. ஸி. குமரப்பா அவர் பெயர். 1934-ல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தைக் கட்டி வளர்த்தவர். ஆலையில் தீட்டிய அரிசி ஏழையின் கூலியையும் பறிக்கிறது, அவன் சோற்றிலுள்ள சத்தையும் பறிக்கிறது என்று கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார். விருதுநகருக்கு வடமேற்கே உள்ள தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்து, 1960-ஆம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, காந்தியடிகளின் நினைவு நாளன்றே, காலமானார். அவர் பேசியது கிராமப் பொருளாதாரம். குடல் பாக்டீரியாக்களின் சார்பில் ஒரு வக்கீல் வாதாடியிருந்தாலும் அதே வழக்கைத்தான் நடத்தியிருப்பார்.

*

இவ்வளவும் படித்த பிறகு அந்தத் தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்கலாம்.

சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகிக்கொள்கிறது; அப்படி இறுகியது சிறுகுடலில் எளிதில் ஜீரணமாகாது. வேலூரில் சோள மாவு செய்த பிரயாணத்தையே இதுவும் ஓரளவு செய்கிறது. தண்ணீரில் ஊறும் எட்டு, பத்து மணி நேரத்தில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிப்பாக்குகின்றன. அந்தப் புளிப்பு மற்றக் கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் தடுக்கிறது. தயிரிலும் இதே இனத்தவர்தாம். இட்லி மாவைப் பொங்கச் செய்வதிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆவியில் வேகும்போது இறந்துவிடுகிறார்கள். பழைய சோற்றிலும் மோரிலும் உயிரோடு நம் வயிற்றுக்கு வருகிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் குடலழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு பயன்படுமா என்று ஆராயவே இறங்கியிருக்கிறார்கள்.

என்றாலும், ஒரு மூட நம்பிக்கையை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்வது படித்தவர்களுக்கு அழகாகாது. பழைய சோறு சர்வரோக நிவாரணி என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வெந்த சோற்றிலும் சாகாத ஒருவகைக் கிருமி வித்து உண்டு. தண்ணீர் ஊற்றாமல் வெப்பத்தில் வெகுநேரம் கிடக்கும் சோற்றில் அது முளைத்து வாந்தி பேதியை உண்டாக்கும். ஆகவே சோறு ஆறியதும் தாமதிக்காமல் நல்ல தண்ணீர் ஊற்றவேண்டும், மூடி வைக்கவேண்டும், காலையில் குடித்துவிட வேண்டும், ஊசிய வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பழைய சோறும் சோறுதான், அளவு வேண்டும். கந்தகமும் அலுமினியத் தூளும் படிந்த கையோடு சட்டிக்குள் கை விடுவது எந்தப் பாக்டீரியாவாலும் சரிசெய்ய முடியாத அபாயம். தொழிற்சாலையில் சாப்பாட்டு மணிக்குமுன் சோப்பும் தண்ணீரும் தாராளமாக இருக்கவேண்டும் என்று கேட்பது தொழிலாளிக்குரிய உரிமை.

மாத்திரை விஷயமும் அப்படியே. கிருமிநாசினி மருந்துகள் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தவை. டைபாயிடுக்கும் நிமோனியாவுக்கும் டாக்டர் கொடுத்தால் சொன்னபடி, சொன்ன நாள் வரையில் சாப்பிடத்தான் வேண்டும். நாம் செய்தது போல் நமக்கு நாமே டாக்டராவதுதான் தவறு.

*

தை மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அந்த வகுப்பில் அதே பாடத்தை மறுபடியும் நடத்தினோம். "ஆடி மாதம் நான் சொன்னதில் பாதி தப்பு" என்று தொடங்கினோம். நேயர்கள் மன்னிக்கவேண்டும், வகுப்பில் 'நாம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அன்று மனம் வரவில்லை. சத்துரு என்று எழுதிய இடத்தில் சத்துருவையும் சிநேகிதரையும் இரண்டு பத்தியாக எழுதினோம். நம் வயிறு பட்ட பாட்டையும் சொன்னோம். பிள்ளைகள் இந்தத் தடவை தாராளமாகச் சிரித்தார்கள். பிறகு, ஒரு பெண்ணின் காலை ஆகாரத்தைப் பற்றி நாம் சிரித்தது தவறு என்று, அவள் பக்கம் பார்க்காமலே சொன்னோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் தூக்குச்சட்டியுடன் வந்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வெட்கத்தை ஏற்றிவைக்க நமக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. இறக்கிவைக்க ஒரு பாடவேளை போதவில்லை. அந்த வாரத்தில் நாமே ஒரு தூக்குச்சட்டியில் பழைய சோறும் மோரும் எடுத்துக்கொண்டு போய், மணி அடிக்குமுன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடிக்கத் தொடங்கினோம். வேறு இரண்டு பையன்கள் பக்கத்தில் வந்து தங்கள் சட்டிகளைத் திறந்தார்கள். அவர்களும் இத்தனை நாளாக ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ அந்தப் பெண் வந்தாள். மரத்திற்கு அந்தப் பக்கம், நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சிறிது நேரம் கழித்து, திரும்பாமலே, "சார், வெங்காயம் வேணுமா?" என்று கேட்டாள். வாங்கிக்கொண்டோம்.

நேயர்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இவ்வளவே. உங்கள் வீட்டில் வாரத்தில் சில நாளாவது கம்போ குதிரைவாலியோ உலையேறட்டும், பருப்பும் கீரையும் இலையில் இருக்கட்டும், மோர் தவறாதிருக்கட்டும். மருந்துக் கடைக்குப் போகும் வழியில் டாக்டர் வீட்டில் நின்று போங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் உங்கள் குழந்தை, இன்னொரு குழந்தையின் சாப்பாட்டைப் பற்றிச் சிரித்துக்கொண்டு ஏதேனும் சொன்னால், அன்றைக்கே உட்காரவைத்து எடுத்துச் சொல்லுங்கள். நம்மைப் போல் மாதக்கணக்கில் தாமதிக்க வேண்டாம்.